வசனம் இல்லாமல் வந்த இதழ்

என் அண்ணனுக்கு ஒரு கெட்ட பழக்கம் உண்டு. தான் வரைந்த பக்கத்தை என் வசனம் இல்லாமல் பார்த்து ரசிப்பான். காமிக்ஸ் கோப்பில் படம் ஓர் அடுக்கு. பேச்சு பலூனும் வசனமும் அதன் மேல் இன்னோர் அடுக்கு. கண் போன்ற சின்னக் குறியை அமுக்கினால் மேலடுக்கு மறைந்துபோகும். அமுக்குவான், நாற்காலியில் சாய்வான், "வாயாடி, உன் பலூன் என் வானத்தையே அடைச்சுக்குது" என்று என்னிடம் புலம்புவான்.

எங்கள் கதாநாயகி லிஃப்ட் பழுது பார்ப்பவள். கீழே விழும் எதையும் பார்வையாலேயே நிறுத்துவாள். தன் வாயை மட்டும் நிறுத்த மாட்டாள். அந்த வாய் என்னுடையது. ஆனால் அட்டையில் இருந்ததோ அண்ணன் பெயர் மட்டும்தான்.

போன மாதம் எங்கள் முதலாளி பதிப்பகத்தின் இணையதளத்தில் ஒரு செய்தி போட்டார்: அடுத்த இதழிலிருந்து வசனத்தைக் கணினியே எழுதுமாம். என்னிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. போய்க் கேட்டதற்கு, படத்துக்காகத்தான் வாங்குகிறார்கள், வசனத்தை யாரம்மா படிக்கிறார்கள் என்று சிரித்தார். வேலை போவது ஒரு பக்கம் கிடக்கட்டும். என் நாயகியின் வாயைத் தூக்கி ஓர் இயந்திரத்திடம் கொடுப்பதா? கடைசி இதழை உயிரைக் கொடுத்து எழுதினேன். நாயகியும் வில்லனும் ஒரே லிஃப்டில் மாட்டிக்கொண்டு இதழ் முழுக்கச் சண்டை போடுகிறார்கள். கைச்சண்டை இல்லை, வாய்ச்சண்டை.

அண்ணன் வழக்கம்போல மேலடுக்கை மறைத்துவிட்டு ரசித்தான். அப்படியே அனுப்பியும்விட்டான். முதலாளி பக்கங்களைப் புரட்டிப் பார்த்து அச்சுக்குச் சம்மதம் கொடுத்தார். வசனம் இல்லாதது அவர் கண்ணில் படவே இல்லை.

இதழ் வெளிவந்த காலையில் காமிக்ஸ் கடைக்காரர் போன் செய்து, உடனே வரச் சொன்னார். அண்ணனும் நானும் ஓடினோம். கடையில் நிற்க இடமில்லை. ஆளுக்கோர் இதழைப் பிரித்துப் பிடித்திருந்தார்கள். பக்கத்துக்குப் பக்கம் இரண்டு பேர் லிஃப்டுக்குள் வாயைப் பிளந்துகொண்டு நிற்கிறார்கள். ஒரு சொல் கிடையாது. பல் டாக்டர் விளம்பரம் தோற்றது. அண்ணன் முகத்தில் ஈயாடவில்லை. கல்லாவுக்குப் பக்கத்தில், எங்களுக்கு முன்பே வந்துவிட்ட முதலாளி, படம் எவ்வளவு அழகாக இருக்கிறது பாருங்கள் என்று சமாளித்துக்கொண்டிருந்தார்.

இடுப்பில் குழந்தையோடு நின்ற ஓர் அம்மா விடவில்லை. "படம் நல்லாத்தான் இருக்கு. அவ என்ன சொன்னா? அதைச் சொல்லுங்க முதல்ல."

முதலாளி அவசரமாக இதழைப் புரட்டினார். படித்திருந்தால்தானே தெரியும்?

"நான் சொல்றேன்" என்றேன்.

கடைக்காரர் ஒரு முக்காலியை இழுத்துப் போட்டார். ஏறி நின்று முதல் பக்கத்தைப் பிரித்தேன். வில்லனுக்கு அடித்தொண்டை, நாயகிக்கு என் சொந்தக் குரல். எழுதியவளுக்கு எல்லாம் மனப்பாடம். லிஃப்டை நிறுத்தியது தன் மகாசக்தி என்று வில்லன் மார்தட்டுகிறான். அவள் ஸ்குரூ டிரைவரை எடுத்துக்கொண்டே சொல்கிறாள்: "உன் சக்தியும் இல்ல, மண்ணாங்கட்டியும் இல்ல. ஃபியூஸ் போயிருக்கு. கொஞ்சம் நகர்ந்து நில்லு."

கடையே குலுங்கியது. தெருவில் போனவர்கள் எட்டிப் பார்த்தார்கள். கடைசிப் பக்கத்தில் அவள் வில்லனையே டார்ச் பிடிக்க வைத்து வேலையை முடித்தபோது கைதட்டல் அடங்க வெகுநேரம் ஆனது. சும்மா சொல்லக்கூடாது, எனக்கு உச்சி குளிர்ந்துபோனது.

அந்த அம்மா முதலாளி பக்கம் திரும்பி, இந்தப் பெண் எழுதாவிட்டால் எங்களுக்கு இதழே வேண்டாம் என்றார். ஆமாம் ஆமாம் என்றது கடை முழுவதும். முதலாளி நெற்றியைத் துடைத்துக்கொண்டார்.

"நீயே எழுதும்மா."

"எழுதறேன். அட்டையில என் பேரும் வரணும். அண்ணன் பேர் எவ்வளவு பெருசோ, அவ்வளவு பெருசா."

எல்லோர் காதிலும் விழட்டும் என்று முக்காலியிலிருந்து இறங்காமலேதான் கேட்டேன். தலையாட்டினார். வேறு வழி?

வசனத்தோடு இதழ் மறுபடி அச்சாகி வந்தது, அட்டையில் இரண்டு பெயரோடு. கணினிச் செய்தியை முதலாளி இணையதளத்திலிருந்து ஓசைப்படாமல் எடுத்துவிட்டார்.

அண்ணனை நான் திட்டித் தீர்த்ததை இங்கே எழுத முடியாது. அடுத்த இதழின் முதல் பக்கத்தை இன்று அனுப்பியிருக்கிறான். மொட்டை மாடியில் நாயகி தனியாக நிற்கிறாள். பாதிப் பக்கம் அவனுக்கு உயிரான வானம். அதன் நடுவில் தன் கையாலேயே பெரிய பலூன் ஒன்றை வரைந்து, உள்ளே வெள்ளையாக விட்டிருக்கிறான். கண் குறியை அமுக்கிப் பார்த்தேன். பலூன் மறையவில்லை. படத்தின் அடுக்கிலேயே வரைந்திருக்கிறான்.

கீழே ஓரத்தில் சின்னதாக எழுதியிருந்தான்: "பேசு, வாயாடி."