சட்டைக்கு ஏழு ரூபாய்

ஆலங்கரையில் ஏழு ரூபாய் நோட்டு செல்லும். ஊருக்குள் மொத்தம் பதினோரு நோட்டுகள் இருக்கின்றன. ஊர் எல்லையைத் தாண்டினால் செல்லாது என்பதால் அவை தாண்டுவதில்லை. ஒன்பது நாளுக்கு மேல் ஒரே இடத்தில் வைத்திருந்தால் ஏழு ரூபாய் நோட்டு பஸ் டிக்கெட் ஆகிவிடும். அதற்குள் செலவழித்துவிட வேண்டும்.

இஸ்திரி போடும் அமலோற்பவம் அந்த நோட்டுகளின் சேகரிப்பாளர். அவளுடைய சேகரிப்பு வீட்டில் இல்லை, ஊரில் இருந்தது. மஞ்சள் கறை பட்ட நோட்டு பூக்கார ஒச்சம்மாவின் சுருக்குப்பையில் இருக்கிறதா, முனை மடிந்தது ரேஷன் கடைப் பக்கம் போய்விட்டதா, மழைக்குப் பயந்த நோட்டு எந்த வீட்டு அரிசிப் பானையில் ஒதுங்கியிருக்கிறது என்பதையெல்லாம் கரியை ஊதிக்கொண்டே அவளால் சொல்ல முடியும். நோட்டு கைக்கு வந்தால் சட்டையோடு அதையும் இளஞ்சூட்டில் ஒரு இழுப்பு இழுத்து, பொழுது சாய்வதற்குள் உப்புக்கோ கரிக்கோ கொடுத்து அனுப்பிவிடுவாள்.

ஏழு ரூபாய் நோட்டை உட்கார்ந்துகொண்டு வாங்கக் கூடாது. மற்ற கடைக்காரர்கள் அதற்காக எழுந்திருக்க வேண்டும். அமலோற்பவம் எப்போதும் நின்றுகொண்டே வேலை செய்பவள். அதனால் அவளிடம் வருவதில் நோட்டுகளுக்கு ஒரு விருப்பம் இருந்தது.

கடை வாசலில் ஒரு பலகை உண்டு. 'துணிகள் தேய்த்துத் தரப்படும். அமலோற்பவம், ஏழு ரூபாய் நோட்டு சேகரிப்பாளர்.' இரண்டாவது வரியை முதல் வரியைவிடப் பெரிதாக எழுதியது அவள் கணவன் சவரிமுத்து. துணிக்குத் தண்ணீர் தெளிப்பதும் மடிப்பதும் அவன் வேலை. சட்டைக்கு ஏழு ரூபாய் என்று சுவரில் சுண்ணக்கட்டியால் எழுதியிருந்தான். கைக்குட்டைக்கு விலை எழுதவில்லை. ஏழு ரூபாய் அதிகம். பாதி சொல்லலாமென்றால் மூன்றரைக்கு நோட்டு கிடையாது. கைக்குட்டைகளை அவர்கள் சும்மாவே தேய்த்துக் கொடுத்தார்கள்.

ஒரு திங்கட்கிழமை நாணயச் சங்கத்தின் செயலாளர் ரத்தினசபாபதி ஆல்பத்தோடு வந்தார். அதன் முதல் நான்கு பக்கங்களில் நான்கு பஸ் டிக்கெட்டுகள் இருந்தன. ஒவ்வொன்றின் கீழும் 'முன்பு ஏழு ரூபாய்' என்று அழகான கையெழுத்தில் எழுதியிருந்தார். ஊரில் பதினைந்து நோட்டுகள் இருந்த காலம் அது.

"சேகரிப்புன்னா கையில இருக்கணும், அமலோற்பவம். ஊர்ல சுத்துற பணத்தை என்னுதுன்னு நானும்தான் சொல்வேன்."

"சொல்லிப் பாருங்க சார். உங்க வீட்டு வாசலுக்கு வருதான்னு பாப்போம்."

"சங்கத்துல தீர்மானம் போட்டாச்சு. ஞாயித்துக்கிழமை பன்னெண்டு மணிக்குள்ள பதினொண்ணும் இந்த மேசைமேல இருக்கணும். இல்லேன்னா அந்த ரெண்டாவது வரியை அழிச்சிரணும்."

"முதல் வரி இருக்கலாமா?" என்று சவரிமுத்து கேட்டான்.

"அது இருக்கலாம்."

"அதுக்கு எதுக்குப் பலகை? கரி வாசனையே சொல்லிரும்" என்றாள் அமலோற்பவம்.

நோட்டை யாரிடமும் கேட்க முடியாது. கேட்கப்பட்ட நோட்டு ஒரு வருஷத்துக்கு அந்தத் தெருவில் நுழையாது. செலவாகத்தான் வர வேண்டும். மேலும், பதினோராவது நோட்டை அவள் ஒருமுறைகூடப் பார்த்ததில்லை. அதன் ஓரத்தில் யாரோ பேனா எழுதுகிறதா என்று கிறுக்கிப் பார்த்த கோடு உண்டு என்று ஒச்சம்மா சொல்லியிருந்தாள். அவ்வளவுதான் தெரியும். அந்தக் கோட்டுக்குச் சரியான சூடு எதுவென்றுகூட அவள் யோசித்து வைத்திருந்தாள்.

செவ்வாய்க்கிழமை யாரும் துணி கொண்டுவரவில்லை. புதன்கிழமையும் வரவில்லை. தலைமையாசிரியர் கசங்கிய சட்டையோடு பள்ளிக்கூடம் போனார். வியாழக்கிழமை முகூர்த்தத்தில் மாப்பிள்ளை சுருங்கிய வேட்டியில் தாலி கட்டினான். யாரும் யாரிடமும் எதுவும் சொல்லிக்கொள்ளவில்லை.

வெள்ளிக்கிழமை சவரிமுத்து தண்ணீர்ச் செம்பைக் கவிழ்த்து வைத்தான். "ஊருக்கு நம்ம மேல எதும் கோவமா அமலு?"

"கோவமெல்லாம் இல்ல. துணி சேருது. கரி ரெண்டு மூட்டை கூடச் சொல்லி வைங்க."

ஞாயிற்றுக்கிழமை காலை செயலாளர் வந்து நாற்காலியில் உட்கார்ந்து ஆல்பத்தை மடியில் வைத்துக்கொண்டார். அப்போதே வரிசை தெருமுனை வரை இருந்தது. முதலில் நின்றவள் ஒச்சம்மா.

"இந்தாடி, என் வீட்டுக்காரர் சட்டை. ஒரு வாரமா இந்த மனுசன்கூட நடந்து போகவே கூச்சமா இருந்துச்சு."

"சட்டையினாலயா?"

"சட்டையினாலன்னு வச்சுக்கோயேன்."

அவள் மஞ்சள் கறை நோட்டை மேசையில் வைத்தாள். தலைமையாசிரியர் முனை மடிந்ததை வைத்தார். புது மாப்பிள்ளை வேட்டியைக் கொடுத்து, மழைக்குப் பயந்ததை இரண்டு கைகளாலும் நீட்டினான். அமலோற்பவம் ஒவ்வொன்றையும் பெயர் சொல்லி வாங்கினாள். பதினொன்றரை மணிக்கு மேசையில் பத்து நோட்டுகள் இருந்தன. வரிசை தீர்ந்துவிட்டது. தேய்த்த சட்டைகளைப் போட்டுக்கொண்டு ஊர் மொத்தமும் வீட்டுக்குப் போகாமல் நின்றது.

செயலாளர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். பிறகு ஆல்பத்தின் ஐந்தாம் பக்கத்தை லேசாகத் திறந்து பார்த்து மூடினார்.

அமலோற்பவம் ஆல்பத்தைப் பார்க்கவில்லை. "சார், உங்க சட்டை கசங்கியிருக்கு" என்றாள்.

"இருக்கட்டும்."

"ஊரே மொடமொடன்னு நிக்குது. சங்கத்துச் செயலாளர் இப்பிடி உக்காந்திருந்தா சங்கத்துக்கு நல்லாவா இருக்கு?"

அவர் குனிந்து தன் சட்டையைப் பார்த்தார். வெயிலில் உட்கார்ந்து முதுகும் கையும் சுருண்டிருந்தன. மறுபடியும் ஐந்தாம் பக்கத்தைத் திறந்தார். அதிலிருந்த நோட்டு அவரிடம் வந்து அன்றோடு ஒன்பது நாள். அதன் ஒரு மூலையில் டிக்கெட்டின் ரோஸ் நிறம் ஏறத் தொடங்கியிருந்தது.

"சட்டைக்கு எவ்வளவு?"

"சுவத்துல எழுதியிருக்கு சார்."

அவர் எழுந்து பொத்தான்களைக் கழற்றினார். பனியனில் முதுகுப் பக்கம் ஒரு ஓட்டை இருந்தது.

"சங்கத்துல இதுக்கும் ஒரு தீர்மானம் போட்டிருக்கலாம்" என்றாள் ஒச்சம்மா.

செயலாளர் நின்றபடியே நோட்டை மேசையில் வைத்தார். ஓரத்தில் பேனாக் கோடு இருந்தது. அமலோற்பவம் அதைத் தொடாமல் முதலில் சட்டையைத் தேய்த்தாள். காலருக்கு இரண்டு தடவை கூடுதலாகப் போட்டாள். அதன் பிறகே நோட்டைக் கையில் எடுத்தாள். ரோஸ் நிறம் மெல்ல இறங்கிப் போயிற்று.

பதினொன்றையும் அடுக்கி, மேலே ஈரத்துணி விரித்து, ஒரே இழுப்பாக இழுத்தாள். அவை ஓரிடத்தில் சேர்ந்தது அதுதான் முதல்முறை. மாதாகோயில் மணி பன்னிரண்டு அடித்தது. துணியைத் தூக்கினாள்.

செயலாளர் எண்ணினார். இன்னொரு முறை எண்ணினார். பன்னிரண்டு இருந்தன. பேனாக் கோட்டுக்கும் மஞ்சள் கறைக்கும் நடுவே உள்ளங்கையில் பாதி அகலத்துக்கு ஒன்று, இன்னும் சூடு ஆறாமல், ஓரம் சுருண்டு கிடந்தது. அதில் மூன்றரை என்று போட்டிருந்தது.

"தீர்மானத்துல பதினொண்ணுன்னுதான் இருக்கு" என்றார் அவர்.

"திருத்திக்கலாம் சார்" என்றாள் அமலோற்பவம். நிமிர்ந்து, பலகையின் இரண்டாவது வரியை ஒருதரம் படித்தாள். பிறகு சின்ன நோட்டை ஒச்சம்மாவிடம் நீட்டினாள். "அரை முழம் மல்லி குடு. இதை ரொம்ப நேரம் மூடி வைக்காத."

சவரிமுத்து சுண்ணக்கட்டியை எடுத்துச் சட்டை விலைக்குக் கீழே 'கைக்குட்டை: மூன்றரை' என்று எழுதினான். ஒச்சம்மா இடுப்பிலிருந்து கைக்குட்டையை எடுத்தாள். செயலாளரும் தன்னுடையதை எடுத்துக்கொண்டு அவளுக்குப் பின்னால் போய் நின்றார்.