துணைக்கு நிற்பவள்

மருத்துவக் கல்லூரியின் ஆண்கள் வார்டில் அன்று காலை இருந்தவர்கள்: உதவிப் பேராசிரியர் ஜெகதீஷ், கோகுல்நாத்தையும் சேர்த்து ஐந்து மாணவர்கள், ஒரே மாணவி நிவேதிதா, கட்டிலில் பரந்தாமன். அம்பத்தூர் எஸ்டேட்டில் லேத் ஓட்டும் பரந்தாமனுக்குத் தொடை இடுக்கில் ஹெர்னியா, குடலிறக்கம். வேலப்பன்சாவடி நெடுஞ்சாலையின் லாரிச் சத்தம் தண்ணீருக்கடியில் கேட்பதுபோல மெலிந்து வந்தது. பச்சைத் திரை காற்றில் உப்பி அடங்கியது.

"நீ வெளிய நில்லும்மா. பேஷன்ட் கூச்சப்படுவார்," என்றார் ஜெகதீஷ்.

நிவேதிதா திரைக்கு வெளியே நின்றாள். இருமும்போது வீக்கம் விரலில் முட்டுகிறதா என்று பார்க்க உள்ளே ஐந்து பேரும் முறைவைத்து விரல் வைத்தார்கள்; ஒவ்வொருவருக்கும் பரந்தாமன் ஒருமுறை இருமினார். ஒவ்வொரு இருமலுக்கும் அவள் விரல்நுனியில் ஏதோ வந்து முட்டுவதுபோலிருந்தது. பார்த்தால், கையில் திரையின் மடிப்பு.

போன மாத மாதிரித் தேர்வில் இதில்தான் தோற்றாள். எங்கே விரல் வைப்பது என்று படித்திருந்தாள், வைத்ததில்லை. திங்கட்கிழமை பல்கலைக்கழகத் தேர்வு. அதிலும் போனால் ஆறு மாதம் இதே வகுப்பு.

பத்து மணிக்குப் பெண்கள் வார்டு. மாணவன் பெண் நோயாளியைத் தொட்டால் பக்கத்தில் ஒரு பெண் இருந்தாக வேண்டும் என்பது அங்கே விதி.

"வா நிவி, நீ இல்லாட்டி எங்களுக்குப் படிப்பே இல்ல," என்றான் கோகுல்நாத்.

"எனக்கு எப்படா படிப்பு?"

"அதான் லேடீஸைப் பாக்கலாம்ல."

மார்பில் கட்டியோடு படுத்திருந்த கண்ணம்மாவின் கையை அவள் பிடித்துக்கொண்டாள். ஐந்து பேர் அழுத்திப் பார்த்தார்கள். அந்தக் கை அவள் விரல்களை நெரித்தது. அவள் முறை வந்தபோது கண்ணம்மா சேலையை இழுத்து மூடினாள்.

"போதும் கண்ணு. வலி உயிரு போவுது."

நிவேதிதா அழுத்தவில்லை.

மதியம் கோகுல்நாத்தைக் கெஞ்சித் துணைக்கு அழைத்துக்கொண்டு பரந்தாமனிடம் போனாள். தானும் பார்க்கலாமா என்று தயங்கித் தயங்கிக் கேட்டாள்.

"காலைல உன்னிய இன்னாத்துக்கு வெளிய நிக்க வெச்சாங்கோ?"

"நீங்க கூச்சப்படுவீங்கன்னு."

"என்னிய யாரு கேட்டா? பத்து பேரு முன்னாடி லுங்கி மாத்துறவன் நானு. டாக்டருக்குப் படிக்கிற புள்ள, நீ பாரும்மா."

அவர் எழுந்து நின்றார். திரையை இழுக்கும் முன்பே வார்டு சிஸ்டர் ஹேமாவதி வந்துவிட்டார்.

"கல்யாணம் ஆவாத பொண்ணு, உனக்கு எதுக்கும்மா இது? ஜெகதீஷ் சார் கேட்டா யாரு பதில் சொல்றது? கோகுல், கூட்டிட்டுப் போப்பா."

"அவரே சரின்றாரு சிஸ்டர்," என்றாள் நிவேதிதா.

"அவர் சொல்லுவாரு. போம்மா."

கோகுல்நாத் ஏற்கெனவே கதவருகில் நின்றான்.

திங்கட்கிழமை காலை ஆவடியிலிருந்து வரும் பேருந்தில் கண்ணயர்ந்தாள். கம்பியைப் பிடித்து நின்றவர்கள் எல்லோரும் வரிசையாக இருமினார்கள். அவள் கை நீட்டினாள். எல்லாரும் புகையாக இருந்தார்கள்; விரல் அந்தப் பக்கம் போய் வந்தது. "காலேஜ் எறங்கு," என்ற நடத்துநர் குரலில் விழித்தாள்.

தேர்வு அறை வாசலில் உதவியாளர் சரசா அவள் பெயரைக் கூப்பிட்டாள். உள்ளே கட்டிலருகில் வேட்டியைத் தளர்த்திப் பிடித்தபடி ஒரு கிழவர் நின்றிருந்தார்.

"வலது பக்க வீக்கம். பரிசோதிச்சுக் காட்டும்மா," என்றார் வெளியூரிலிருந்து வந்த தேர்வாளர். "பத்து நிமிஷம்."

கிழவர் அவளைப் பார்த்தார். கேட்காமலே ஒருமுறை இருமினார்.

"கைய வைம்மா," என்றார் தேர்வாளர்.

சரசா வெளியே போய்க் கதவைச் சாத்தினாள்.