பினாயில் நெடி

ஊரடங்கு போட்ட இரண்டு மாதத்திலேயே ஜிம் மாஸ்டருக்கு அரசாங்கத்தின் மேல் பொல்லாத கோபம் வந்துவிட்டது. மருந்துக்கடை திறக்கலாம், மளிகைக்கடை திறக்கலாம், முடி வெட்டும் கடையைக்கூடத் திறக்கலாம் என்றார்கள். ஜிம் மட்டும் மூடியே கிடக்க வேண்டுமாம்.

"முடி வளர்ந்தா யாரும் செத்துப் போறதில்ல. தொப்பை வளர்ந்தா சாவாங்க. இதுகூடத் தெரியாம சட்டம் போடறாங்க" என்று வீட்டுக்குள் குறுக்கும் நெடுக்கும் நடந்துகொண்டே பொரிந்து தள்ளுவார்.

கேட்பதற்கு மனைவி ஒருத்திதான் இருந்தாள். அவளோ மருந்துக்கடையில் வேலை பார்க்கிறவள். நாள் முழுக்க இருமுகிறவர்களுக்கும் தும்முகிறவர்களுக்கும் மாத்திரை எடுத்துக் கொடுத்துவிட்டு, கால் கடுக்க வீடு வந்து சேருகிறவள்.

"ஜன்னலைச் சாத்திக்கிட்டு இருபது பேரு ஒரே ரூம்ல புஸ்ஸு புஸ்ஸுன்னு மூச்சு விடற இடம் உங்களோடது. அதைத் திறந்து விடுங்கன்னா எவன் விடுவான்?" என்று ஒரே போடாகப் போட்டுவிட்டுக் குளிக்கப் போய்விடுவாள்.

மாஸ்டர் அப்போதைக்கு நடையை நிறுத்துவார். ஆனால் கோபம் அடங்காது. அந்தக் கோபத்தில் தொழில் போன எரிச்சல் பாதி என்றால், மாமனார் மீதி.

மாமனார் ஓய்வு பெற்ற பேருந்து ஓட்டுநர். ஆயுசில் பெரும்பகுதியை ஒரே இருக்கையில் உட்கார்ந்து கழித்தவர். சர்க்கரை வியாதி, மூட்டு வலி, இடுப்பைச் சுற்றி ஒரு டயர். மனைவியை இழந்தபின் அடுத்த தெருவில் தனியாகவே இருந்தார். மகள்தான் அவரைப் பிடிவாதமாக ஜிம்முக்கு இழுத்து வந்தாள். முதல் நாள் பாதிப் படியிலேயே கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார்.

"மாப்ளே, வண்டி இதுக்கு மேல ஏறாது. டிப்போவுக்கே திருப்பி அனுப்பிடுங்க."

அப்படிச் சொன்னவர்தான் பிறகு தினமும் முதல் ஆளாக வந்து ஷட்டருக்கு வெளியே காத்திருந்தார். பெஞ்சில் மல்லாந்து படுத்து எடை தூக்குவது அவருக்கு ரொம்பப் பிடித்துப் போயிற்று. படுத்துக்கொண்டே செய்கிற வேலை உலகத்திலேயே இது ஒன்றுதான் என்பார். சர்க்கரை இறங்கியது, கால் வீக்கம் வடிந்தது. மாமனாரும் மருமகனும் அங்கே பண்ணுகிற கேலிக்கு அளவே கிடையாது. ஒருவர் சொல்வதை இன்னொருவர் நம்பிவிட்டால் தோற்றுப் போனதாகக் கணக்கு.

ஜிம் மூடியதும் அந்த மனிதர் ஆளே உருக்குலைந்தார். மருந்துக்கடையிலிருந்து நோயைக் கொண்டு போய்விடுவோமோ என்று பயந்து மகள் அவர் வீட்டுக்குள் காலே வைப்பதில்லை. கணவனையும் விடவில்லை. சாப்பாட்டைக் காம்பவுண்டு சுவர்மேல் வைத்துவிட்டு, தள்ளி நின்று நாலு வார்த்தை பேசிவிட்டு வருவாள். கால் மறுபடி வீங்கியது. நாற்காலியிலிருந்து எழுந்திருக்கவே இரண்டு கையையும் ஊன்ற வேண்டியிருந்தது.

"ஓடாம நிறுத்தி வச்ச வண்டி மாப்ளே. பேட்டரி இறங்கிக்கிட்டே வருது" என்று போனில் சொன்னார். அன்று அவர் குரலில் கேலி இல்லை. மாஸ்டருக்கு மனசு கேட்கவில்லை.

மனைவியிடம் கேட்டுப் பார்த்தார். "ஜிம்முல நானும் அவரும் மட்டும் இருந்தா என்ன?"

"எனக்கு அப்பா உயிரோட வேணும். கால் வீங்கினாப் பரவாயில்ல" என்றாள் அவள். ஆனால் அப்பா கெஞ்சியபோது அவளுக்கும் மனசு இளகியது. காலையில் ஒரு நடை போய்ப் பால் வாங்கி வருவதற்கு மட்டும் விட்டாள். அவருக்கும் வாங்கி, மகள் வீட்டுக்கும் வாங்கி, அவள் வாசல் கேட்டில் துணிப்பையோடு மாட்டிவிட்டுப் போவார்.

அந்தச் சமயத்தில்தான் ஜிம் உரிமையாளர்கள் சங்கம் கூட்டம் போட்டது. எங்கே? ஒரு கல்யாண மண்டபத்தின் சாப்பாட்டுக் கூடத்தில், கதவைச் சாத்திக்கொண்டு. 'ஜிம்மைத் திற' என்று தொண்டை கிழியக் கத்தினார்கள். எதிர்ப்புச் சக்தியைப் பற்றி ஆளாளுக்குப் பேசினார்கள். கத்துகிறபோது முகக்கவசம் இடைஞ்சலாக இருந்ததால் எல்லோரும் அதைத் தாடைக்கு இறக்கிவிட்டிருந்தார்கள். மாஸ்டரும்தான். இன்று நினைத்தால் அவருக்கே சிரிப்பாகவும் இருக்கிறது, வயிற்றெரிச்சலாகவும் இருக்கிறது.

கூட்டத்தில் ஏறிய சூடு இறங்குவதற்குள், மாமாவுக்காக மட்டும் ஜிம்மைத் திறப்பது என்று முடிவு செய்துவிட்டார். மனைவிக்குத் தெரிய வேண்டாம். காலையில் பால் வாங்கப் போகிற வழியில் பின்வாசல் வழியாக வந்துவிட்டுப் போகட்டும்.

ஒரு வாரம் கழித்து, திறப்பதற்கு முந்தின நாள் போய்ச் சுத்தம் செய்தார். மூடிக் கிடக்கும் ஜிம்முக்கென்று ஒரு வாடை உண்டு. ரப்பர் விரிப்பு, துரு, பழைய வியர்வை, யாரோ மறந்து போன துண்டு, எல்லாம் சேர்ந்து ஆளைத் தள்ளும். அதைப் போக்கத்தான் மாஸ்டர் பினாயிலை ஊற்றி ஊற்றித் தேய்த்தார். முகர்ந்து பார்த்தார். பினாயில் வாசமே எழும்பவில்லை. சரக்கு மட்டம் போலிருக்கிறது என்று தண்ணீர் கலக்காமல் இன்னொரு முறை ஊற்றினார். கடைசியில் நடுவில் நின்று மூச்சை நன்றாக இழுத்துப் பார்த்தார். வியர்வையும் இல்லை, துருவும் இல்லை, எதுவுமே இல்லை. அவருக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. இதைவிடச் சுத்தமாக ஓர் ஆபரேஷன் தியேட்டர்கூட இருக்காது என்று நினைத்துக்கொண்டார்.

மறுநாள் காலை மாமனார் பால் பையோடு பின்வாசலில் வந்து நின்றார். உள்ளே காலெடுத்து வைத்ததுமே முகத்தைச் சுளித்தார்.

"என்ன மாப்ளே இது! பினாயில் நெடி மூக்கைத் துளைக்குது. கண்ணெல்லாம் எரியுது."

"போங்க மாமா. ஒரு வாசனையும் இல்ல. அவ்வளவு சுத்தம்."

"நிஜமாத்தான் சொல்றேன். பீப்பாயைக் கவுத்திட்டீங்களா?"

வந்ததும் வராததுமாக ஆரம்பித்துவிட்டாரே என்று மாஸ்டர் சிரித்தார். நம்பிவிட்டால் தோற்றுப் போனதாகிவிடுமே, நம்பவில்லை. மாமனாரும் சிரித்துக்கொண்டே பையைக் கம்பியில் மாட்டினார்.

சத்தம் தெருவுக்குக் கேட்கக் கூடாது என்று ஜன்னல்களை எல்லாம் சாத்தியிருந்தார்கள். மாமனார் பெஞ்சில் படுத்தார். மாஸ்டரின் ஜிம்மில் ஒரு சட்டம் இருந்தது. பெஞ்சில் யார் படுத்தாலும் தலைமாட்டில் ஓர் ஆள் நிற்க வேண்டும். கை தளர்ந்து கம்பி கழுத்தில் விழுந்தால் பிடிப்பதற்கு. அந்தச் சட்டத்தை அவர் யாருக்காகவும் தளர்த்தியதில்லை, அன்றும் தளர்த்தவில்லை. வழக்கமாக நிமிர்ந்து நின்று கூடமே அதிரும்படி எண்ணுவார். அன்று சத்தம் வெளியே போகக் கூடாது. அதனால் மாமனாரின் முகத்துக்கு நேரே குனிந்து, மூச்சாலேயே எண்ணினார்.

"ஒண்ணு... விடாதீங்க மாமா... ரெண்டு..."

கீழே படுத்திருந்தவர் மூச்சை இழுத்து இழுத்து விட்டார். கம்பியைத் தாங்கியில் வைத்தபின் அவர் முகத்தில் தெரிந்த சந்தோஷம் இருக்கிறதே, அதைப் பார்த்தவர்கள் யாராக இருந்தாலும் மறுநாளும் பின்வாசலைத் திறந்திருப்பார்கள். மாஸ்டரும் திறந்தார்.

அதற்கடுத்த நாள் மனைவி பாலை அடுப்பில் வைத்துவிட்டுத் துணி உலர்த்தப் போனாள். மாஸ்டர் அடுப்படியிலேயே உட்கார்ந்து செய்தித்தாள் படித்துக்கொண்டிருந்தார். அவள் மாடியிலிருந்து ஓடி வந்தாள்.

"பால் தீய்ஞ்சு தெருவே நாறுது! பக்கத்துலயே உக்காந்திருக்கீங்க, மூக்கை அடகு வச்சிட்டீங்களா?"

மாஸ்டர் பாத்திரத்தைப் பார்த்தார். அடிப்பிடித்துக் கருகிப் புகைந்துகொண்டிருந்தது. மூச்சை இழுத்தார். ஒன்றும் தெரியவில்லை. மூக்கு போனால் என்ன அர்த்தம் என்று அந்த நாட்களில் சின்னக் குழந்தைக்குக்கூடத் தெரியும். அன்று ஜிம்மில் மாமா கேலி செய்யவில்லை.

மொட்டை மாடிக்குப் போய் மாமனாரைப் போனில் கூப்பிட்டார்.

"எப்படி இருக்கீங்க மாமா?"

"ராஜா மாதிரி இருக்கேன். நாளைக்கு இன்னும் கொஞ்சம் எடை ஏத்தலாமா?"

சொல்லியிருக்க வேண்டும். 'எனக்கு வந்திருச்சு போலிருக்கு மாமா, நீங்க உடனே டாக்டரைப் பாருங்க' என்று சொல்லியிருக்க வேண்டும். சொல்வதற்கு எத்தனை நேரம் ஆகிவிடும்? சொன்னால் மகளுக்குத் தெரியும், வீடு ரெண்டுபடும். அவருக்கு வராமலே போகலாம், நல்ல தெம்பாகத்தானே பேசுகிறார் என்று தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொண்டார்.

"சாவி எங்கயோ விழுந்துடுச்சு மாமா. ரெண்டு மூணு நாள் போகட்டும்" என்றார். தனக்கு ஜலதோஷம் என்று மனைவியிடமும் ஒரு பொய்யைச் சொல்லிவிட்டுத் தனி அறையில் படுத்துக்கொண்டார்.

மாமனாருக்குக் காய்ச்சல் வந்தது. வயசுக் காய்ச்சல், தானாகச் சரியாகிவிடும் என்று அவரும் மகளிடம் மறைத்தார். மூச்சுத் திணறிய பிறகுதான் தெரிந்தது. ஆம்புலன்சில் ஏற்றுவதற்கு முன்னால் மருமகனைக் கைகாட்டிக் கூப்பிட்டு, "ஜிம்முக்கு வந்ததைப் பாப்பாகிட்ட நான் சொல்லல. நீங்களும் உளறி வைக்காதீங்க, உங்களைத் தாளிச்சிடுவா" என்று மூச்சு விட்டு விட்டுச் சொன்னார். அப்போதும் அவருக்கு மருமகனைக் காப்பாற்றும் கவலைதான். அதன்பின் அவர் திரும்பி வரவில்லை. மூட்டை கட்டுவது போலக் கட்டிக் கொண்டு போனார்கள். மகளுக்கு முகத்தைப் பார்க்கவும் கொடுத்து வைக்கவில்லை. அவளுக்கும் லேசாக இருமல் வந்து போனது. அப்பாவை ஆம்புலன்சுக்குத் தூக்கியபோது ஒட்டியது என்று நினைத்துக்கொண்டாள்.

அன்றிலிருந்து அவள் பால் வாங்குவதில்லை. "வீட்டுக்குள்ளயே பூட்டி வச்சிருந்தவரை நான்தானே அந்தப் பால் வரிசையில கொண்டு போய் நிறுத்தினேன்" என்று நினைத்து நினைத்து அழுவாள். மாஸ்டர் அவள் தலையைத் தடவிக் கொடுப்பார். தடவுகிற கையை வெட்டிப் போடலாம் போலிருக்கும்.

ஜிம்களைத் திறக்கச் சொல்லிவிட்டார்கள். மாஸ்டரும் திறந்தார். மூக்கு கொஞ்சம் கொஞ்சமாகத் திரும்பி வந்தது. ஒருநாள் ரப்பர் விரிப்பைத் தூக்கியபோது அடியில் தேங்கியிருந்த பினாயில் நெடி பளீரென்று அறைந்தது. அன்று அவர் ஷட்டரை இழுத்துவிட்டு அந்த பெஞ்சிலேயே உட்கார்ந்து அழுதார்.

இந்த நிலையில் மறுபடியும் ஊரடங்கு வரப்போகிறது என்று பேச்சு அடிபட்டது. சங்கச் செயலாளர் நேரே வீட்டுக்கே வந்துவிட்டார். கைப்பேசியில் ஒரு பேனரின் படம். மாமனார் கையை மடக்கிப் புஜத்தைக் காட்டிச் சிரிக்கிறார். கீழே பெரிய எழுத்தில், 'ஜிம்மை மூடினார்கள், இவரை இழந்தோம்.'

"ஊர்வலத்துக்கு முன்னாடி இதைத்தான் பிடிக்கப் போறோம். நீங்க சரின்னு சொன்னா அடிச்சிடலாம்."

மனைவி படத்தைத் தொட்டுப் பார்த்தாள். "போடுங்க. நிஜம்தானே" என்றாள்.

"வேண்டாம்" என்றார் மாஸ்டர். செயலாளர் ஏதேதோ சொல்லிப் பார்த்தார். மாஸ்டர் மசியவில்லை. செயலாளர் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு கிளம்பிப் போனதும் மனைவி எகிறினாள்.

"ஏன் வேண்டாம்? அவர் செத்தது யாருக்காவது உதவட்டுமே. ஜிம் திறந்திருந்தா அப்பா பாலுக்குன்னு ஏன் போறாரு? நான் ஏன் அனுப்பறேன்?"

"ஜிம் திறந்துதான் இருந்துச்சு."

சொல்லிவிட்டார். பின்வாசல், பால் பை, பெஞ்சு என்று தலைகுனிந்துகொண்டே சொன்னார். இடி விழும் என்று காத்திருந்தார். விழவில்லை.

"தெரியும்" என்றாள் அவள். "கேட்டுல மாட்டின பையில பினாயில் நெடி ஆளைத் தூக்குச்சு. நம்ம ஜிம்மைத் தவிர வேற எங்க அப்படி அடிக்கும்? ஆனா அன்னைக்கு அப்பா ரோட்டுல நின்னு சிரிச்சுக்கிட்டே கையாட்டினார். அவர் அப்படிச் சிரிச்சுப் பல நாளாச்சு. அதான் கண்டும் காணாத மாதிரி இருந்துட்டேன்." கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "நீங்க ஒருத்தர்தானே கூட இருந்தீங்க? அதனால ஒண்ணும் வந்திருக்காது. எல்லாம் அந்தப் பால் வரிசைதான். நீங்க மனசைப் போட்டுக் குழப்பிக்காதீங்க."

மாஸ்டர் அங்கேயே நிறுத்திக்கொண்டிருக்கலாம். மன்னிப்பு தானாக வந்து மடியில் விழுந்துவிட்டது. இனி வாயைத் திறக்காவிட்டால் இந்த ஜென்மத்துக்கும் யாருக்கும் தெரியப் போவதில்லை. தலையைக்கூட ஆட்டிவிட்டார்.

அவளுக்கு அப்பாவைப் பற்றிப் பேசியதில் மனம் லேசாகியிருந்தது. "அந்தப் பையை எத்தனை தடவை துவைச்சேன், நெடி போகவே இல்ல. அந்த ரூமுக்குள்ள ரெண்டு பேரும் எப்படித்தான் இருந்தீங்களோ!"

"மாமா சொன்னார். நான் நம்பல" என்றார் மாஸ்டர். "எனக்கு நெடியே அடிக்கல."

அவள் லேசாகச் சிரித்தாள். பிறகு சிரிப்பு நின்றது. அடுப்படிப் பக்கம் திரும்பிப் பார்த்தாள். மறுபடி அவரைப் பார்த்தாள்.

"பால் தீய்ஞ்ச அன்னைக்கு..."

"ஆமா. அன்னைக்குத்தான் எனக்கே தெரிஞ்சுது."

அவள் விரல்விட்டு நாட்களை எண்ணிப் பார்த்தாள். திட்டவில்லை, அழவும் இல்லை. மெல்லக் கேட்டாள்.

"அன்னைக்கு அப்பா நல்லாத்தானே இருந்தார்?"

"நல்லாத்தான் இருந்தார்" என்றார் மாஸ்டர்.