ஓடிய புல்டோசர்

பல வருஷமாக ஷெட்டில் கிடந்த புல்டோசரைக் கிளப்புவதற்குள் எனக்குத் தாவு தீர்ந்துவிட்டது. ஏர் ஃபில்டரில் எலிக்கூடு, டேங்கில் சேறு, டீசல் குழாயில் காற்று. மச்சான், அதாவது என் மனைவியின் அண்ணன், நாற்காலி போட்டு உட்கார்ந்து யோசனை மட்டும் வாரி வழங்கினார்.

பேட்டரியும் செத்திருந்தது. வழியில் போன லாரிக்காரரிடம் கெஞ்சிக் கூத்தாடி, அவர் பேட்டரியிலிருந்து ஒயர் கொடுத்தேன். கரும்புகையைக் கக்கியபடி இன்ஜின் உறுமியது. லாரிக்காரர் ஒயரைக் கழற்றிக் கொடுத்துவிட்டுப் பறந்துவிட்டார்.

கை கழுவிவிட்டு வந்தால், ஷெட்டில் மயான அமைதி.

"என்ன மச்சான், நின்னுடுச்சா?"

"நான்தான் நிறுத்தினேன் மாப்ளே. அந்தச் சத்தத்துல தங்கச்சி பேசுறது ஒண்ணுமே கேக்கல."

பிறகு போனைக் காதில் வைத்துக்கொண்டு பூரிப்போடு சொன்னார்: "ஆமாம்மா, வண்டி ஓடிடுச்சு!"