கிணறு[-1]

1

இந்தக் கதை ஒரு சந்தேகத்தில் பிறந்தது, முதலிலேயே சொல்லிவிடுகிறேன். மலையாளமும் தமிழும் கலந்து பேசும் எங்கள் எல்லையோர ஊர் கொல்லயிலில் என் பக்கத்து வீட்டு அம்மிணி வேலிக்கு அந்தப் பக்கம் நின்று, "சாரே, அந்த ஜிஜா கள்ளியாக்கும். கதையில எழுதுங்க" என்றாள். எழுத உட்கார்ந்தேன்.

'ஜிஜா பொய் சொல்லமாட்டாள் என்று ஊரில் எல்லோரும்—

வேண்டாம். ஊரில் எல்லோரும் சொல்வதை நான் நம்புவதில்லை.

2

நடந்தது இது. ஜிஜா புள்ளியியல் படிக்கிறவள். எங்கள் வார்டில் இருபத்துநான்கு கிணற்றுத் தண்ணீரைச் சோதித்து, எண்களை 'ஆர்' என்ற கணினிமொழியில் ஏற்றி, கிராமசபையில் வாசித்தாள்: "இருபத்துமூணு கிணறு. எல்லாத்திலயும் குடிக்கலாம்."

அம்மிணியின் மகள் நந்தனா ஏழு மாதம், பிரசவத்துக்கு வந்திருக்கிறாள். கிணற்று நீர் லேசாகப் புளிக்கிறதே என்று தெருக்குழாயில் பிடித்துக்கொண்டிருந்தவர்கள், மறுநாளே கிணற்றில் இறைக்க ஆரம்பித்தார்கள்.

மூன்று வாரம் கழித்து ஜிஜாவே ஓடிவந்தாள். விட்டுப்போன ஒரு கிணறு அம்மிணியுடையது, அதில் அமிலம். மதிலுக்கு அப்பால் மேட்டில் ராபின்சனின் ரப்பர் ஷீட் கொட்டகை இருக்கிறது. ரப்பர் பால் உறைய ஊற்றுகிற ஆசிட் அங்கிருந்துதான் இறங்கியிருக்க வேண்டும். ராபின்சன், ஜிஜாவின் தாய்மாமன்.

பார்த்தீர்களா, நீங்களும் சந்தேகப்பட ஆரம்பித்துவிட்டீர்கள்.

3

(இந்தப் பகுதியைத் தாண்டிப் போகிறவர்களை நான் கவனித்துக்கொண்டுதான் இருக்கிறேன்.)

'ஆர்' மொழியில் வரிசையாக வைத்த எண்களுக்கு வெக்டர் என்று பெயர். அதிலிருந்து எடுக்கச் சதுர அடைப்பு போடவேண்டும். கிணறு[3] என்றால் மூன்றாவது கிணறு. கிணறு[-3] என்றால் மூன்றாவதை விட்டு மற்றதெல்லாம். ஜிஜா போட்டது கிணறு[-1]. அது முதல் கிணற்றைத் தள்ளிவிட்டது. பட்டியலில் முதல் வீடு அம்மிணி வீடு.

"சாரே, நான் தள்ள நெனச்சது எங்க வீட்டுக் கிணற்ற. சோதிக்கவ வீட்டுக் கிணறு கணக்கில வரப்பிடாதுல்லா? சர்ச்சில அசன விருந்து போடும்ப பந்தியில வெளம்புறவங்க கடைசியிலதானே சாப்பிட இருப்பாங்க? அந்தப் பழக்கத்தில எங்க வீட்டக் கடைசியில எழுதிட்டேன். மைனஸ் ஒண்ணுண்ணா கடைசிண்ணு அஜேஷ் அண்ணன் சொன்னதும் மனசில கெடந்துது."*

* அஜேஷ், ஜிஜாவின் அண்ணன். அவன் வேலை செய்வது பைத்தான் என்ற வேறொரு கணினிமொழியில். அதில் -1 கடைசியை எடுக்கும், தள்ளாது. 'ஆர்' மொழியில் தள்ளும், ஆனால் கடைசியை அல்ல. மலையாளத்தில் தொடங்கித் தமிழில் முடிக்கிற எங்கள் ஊர்ப் பிள்ளை, இரண்டையும் கலந்துவிட்டது. நம்பலாம்தான். எனக்குத்தான் மனசு வரவில்லை.

"எண்ணிப் பாக்கலியா மக்கா?"

"எண்ணினேன் சாரே. இருபத்துமூணு சரியாட்டு இருந்துது. பொறவு எதுக்குப் பாக்கணும்?"

கள்ளியும் இதைத்தான் சொல்லியிருப்பாள்.

4

இங்கே ஜிஜா தேம்பி அழும் ஒரு காட்சி எழுதி, அடித்துவிட்டேன். அழுகையை வைத்து ஆளை எடைபோட முடியாது. கள்ளி என்றால் தானாக வந்து ஏன் சொல்லவேண்டும்? நல்ல கேள்வி. ஆனால் அவள் வந்தது, நந்தனாவை வயிற்றுவலியோடு நெய்யாற்றின்கரைக்குக் கொண்டுபோய் ஆஸ்பத்திரியில் சேர்த்த மறுநாள்.

அம்மிணி இன்னொன்றும் சொல்கிறாள். "கிராமசபை கழிஞ்சு அவ இங்க வந்தா. நம்ம கிணற்று வெள்ளம் ஒரு கிளாஸ் கொடுத்தேன். வாயில வைக்கல்ல. ஞான் கண்டதாக்கும்."

ஜிஜா சொல்கிறாள்: "சத்தியமாட்டு குடிச்சேன் சாரே. முழுசும் குடிச்சேன்."

5

முதல் முடிவு: குடித்தாள். அப்படியென்றால் அவளுக்கு ஒன்றும் தெரியாது, வெறும் பிழை.

இரண்டாவது: குடிக்கவில்லை. அப்படியென்றால் மாமனுக்காக மறைத்தாள்.

(மூன்றாவது: டீ குடித்துவிட்டு வந்தவளுக்குத் தாகமில்லை. இது எனக்குப் பிடிக்கவே இல்லை, ஆனால் உலகத்தில் பாதி இப்படித்தான் நடக்கிறது.)

இன்னொன்றும் சொல்லியாக வேண்டும், வெட்கமாக இருக்கிறது. அன்றைக்குக் கிராமசபையில் நானும் இருந்தேன். வார்டில் இருபத்துநான்கு கிணறு உண்டென்று எனக்குத் தெரியும். "இருபத்துமூணு" என்று காதில் விழுந்தது. கண்டதையெல்லாம் சந்தேகப்படுகிற நான், பிஸ்கட்டை டீயில் முக்கிக்கொண்டிருந்தேன்.

ஜிஜா குடித்தாளா இல்லையா என்பதை நீங்களே முடிவு செய்துகொள்ளுங்கள். நந்தனா குடித்தாள். நாளுக்கு எட்டு கிளாஸ், டாக்டர் சொன்னபடி, மூன்று வாரம். அதற்கு வேறு முடிவு என்னிடம் இல்லை.