புளி போட்டுத் தேய்த்த எலும்பு

அலோர் காஜாவுக்குப் பக்கத்துச் செம்பனைத் தோட்டத்தில் வாய்க்கால் வெட்டும்போது காந்தன் மாமாவின் இயந்திரத்தில் அந்த எலும்பு மாட்டியது. வேறு யாராவது என்றால் குப்பையில் போட்டிருப்பார்கள். மாமா கோணியில் சுற்றி, லோரியில் ஏற்றி எங்கள் வீட்டுக்குக் கொண்டுவந்தார். என் தங்கை ராகினி பல்கலைக்கழகத்தில் படிப்பதே அதைத்தான்: ஆதிகாலத்துப் பெரிய மிருகங்கள் ஏன் அழிந்தன என்று. பருவம் மாறியதாலா, மனிதன் வேட்டையாடியதாலா என்று படித்தவர்கள் இன்னும் சண்டை போடுகிறார்களாம்.

சேறு அப்பிய எலும்பை அவள் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். ஏதோ பழைய யானை இனத்தின் கால் எலும்பு என்றாள். பத்திரமாகப் பார்த்துக்கொள்ளும்படி அம்மாவிடம் சொல்லிவிட்டு, பேராசிரியரை அழைத்துவரக் கோலாலம்பூருக்கு பஸ் ஏறினாள். எங்கள் வீட்டு மகாராணிக்கு அதற்கு மேல் விளக்கிச் சொல்ல வாய் வரவில்லை.

அம்மா பத்திரமாகத்தான் பார்த்துக்கொண்டார். பெரிய படிப்பு படித்தவர் வீட்டுக்கு வருகிறார்; மகளுடைய சாமானை அழுக்கோடா காட்டுவது? பூஜைக்கு முதல் நாள் குத்துவிளக்கைத் தேய்ப்பது போல, புளி கரைத்து ஊற்றி, கம்பி நாரால் அழுத்தித் தேய்த்து, வெயிலில் காயவைத்து, மேசையில் பட்டுத் துணி விரித்து வைத்திருந்தார். வேலை முடிந்து வந்த நானும் நன்றாக இருக்கிறது என்றுதான் சொன்னேன்.

பேராசிரியர் ஒரு சீன அம்மையார், நல்ல மனுஷி. லென்ஸை வைத்து நெடுநேரம் பார்த்தார். ஒரு சொல் திட்டவில்லை. தேநீரைக் குடித்துவிட்டு, அம்மாவின் கையைப் பிடித்து நன்றி சொல்லிவிட்டுப் போனார்.

அவர் கார் கிளம்பிய பிறகுதான் ராகினி வாயைத் திறந்தாள். சேற்றுக்கு அடியில் மெல்லிய கீறல்களைப் பார்த்தாளாம். கல் கத்தியால் இறைச்சி அறுத்த தடமாக இருக்கலாமாம். அது உறுதியாகியிருந்தால், மனிதன் வேட்டையாடியதற்குச் சாட்சியாக, அவள் ஆராய்ச்சியே அதன்மேல் எழுந்திருக்கும். இப்போது புளி மேல்பரப்பை அரித்துவிட்டது. மிச்சமிருக்கும் கீறலில் எது கத்தி, எது கம்பி நார் என்று இனி யாராலும் சொல்ல முடியாது.

எனக்கு வந்ததே கோபம். "இத முன்னாலயே சொல்லித் தொலைச்சிருக்கலாம்லா!" என்று கத்தினேன். அம்மா முகத்தை என்னால் பார்க்க முடியவில்லை.

அம்மா மெதுவாகக் கேட்டார். "அந்தக் காலத்து ஆளுங்க வேணும்னேவா எல்லாத்தையும் கொன்னாங்க?"

"இல்லம்மா. யானை வயித்துல குட்டி கிடக்கவே ரெண்டு வருஷம் கிட்ட ஆவும். அப்பப்ப ஒண்ணு ரெண்டு அடிச்சாலே போதும், மெல்ல மெல்ல இனமே முடிஞ்சிரும். அவங்களுக்கு அது தெரிஞ்சிருக்காது" என்றாள் ராகினி.

"யாராச்சும் சொல்லியிருந்தா விட்டிருப்பாங்கல்ல?"

ராகினி உடைந்து அழுதாள். "உங்களுக்குப் புரியாதுன்னு நெனச்சிட்டேம்மா."

அம்மா எழுந்தார். எலும்பின் மேல் சேலை பட்டுவிடக் கூடாது என்று மேசையைச் சுற்றிக்கொண்டு போய், அவள் தலையைத் தடவினார்.