நேரலையில் நின்றவள்

நகர்ந்து வந்து உட்காருங்கள் கண்ணுகளா. கால் நீட்ட வேண்டுமென்றால் நீட்டிக்கொள்ளுங்கள். ஓர் அக்காளின் கதை சொல்கிறேன்.

கோர்ட்டுக்கு எதிரே இஸ்திரி மேசை போட்டிருந்தாள் அவள். ஈ ஓட்டுகிற தெருதான். பேர்போன நடிகர் ஒருவர்மேல் போட்ட கொலை வழக்கு அங்கே விசாரணைக்கு வந்ததும், தலையில் குடை கவிழ்த்த டிவி வண்டிகள் தெருவை அடைத்துக்கொண்டன. முடி வெட்டுகிறவர்கூட மைக்கைப் பிடித்துச் சட்டம் பேசினார்.

நிருபர்கள் சட்டையை மட்டும் தேய்க்கக் கொடுப்பார்கள்; அதிலும் முன்பக்கம் போதும்.

“இடுப்புக்குக் கீழ என்ன இருக்குன்னு உலகத்துக்கே தெரியாதுக்கா!” என்பான் கேமராக்காரன்.

உலகம் என்றதும் அவளுக்கு நெஞ்சில் தைத்தது. பன்னிரண்டு வருஷத்துக்கு முன், மனசுக்குப் பிடித்தவனைக் கட்டிக்கொண்டு வந்து நின்ற தங்கையை, “இனிமே என் வாசல மிதிக்காதே” என்று விரட்டியவள் அவள்தான். நெல்லைக் கொட்டினால் அள்ளலாம். சொல்லை அள்ள முடியுமா? சின்னவள் எந்த ஊரில் இருக்கிறாளோ! எங்கே இருந்தாலும் இந்த வழக்கைப் பார்க்காமலா இருப்பாள்?

அன்று முதல் தலை வாரிக்கொண்டு, நிருபருக்குப் பின்னால் போய் நிற்கத் தொடங்கினாள்.

“அக்கா, ஃப்ரேம்ல வர்றீங்க.”

“வரத்தானேப்பா நிக்கிறேன்.”

கேமராக்காரன் திரையைக் காட்டினான். பின்னால் இருப்பதெல்லாம் மங்கல். அவள் வெறும் நீலக் கறை.

“என் சின்னவ நிழல வச்சே கண்டுபிடிச்சிருவா” என்றாள்.

தீர்ப்பு வந்தது. நடிகர் விடுதலை. “மக்கள் என்ன நினைக்கிறாங்க?” என்று நிருபர் அவளிடம் மைக்கை நீட்டினார்.

“சின்னவளே, நான் சொன்னது தப்புடி. வந்துடு” என்றவள், தன் போன் நம்பரையும் நிறுத்தி நிதானமாக இரண்டு தடவை சொல்லிவிட்டாள்!

விடுவார்களா? வண்டிகள் கிளம்புமுன்பே போன் அலறியது. ஒவ்வொரு முறையும் “சின்னவளா?” என்றே எடுத்தாள். ஒருவன் நடிகரின் நம்பர் கேட்டான். ஒரு கிழவர், “தங்கச்சி வராட்டி என்ன, என்னைத் தம்பியா வச்சுக்கோ” என்றார்.

“நம்பர மாத்திடுங்கக்கா” என்றான் கேமராக்காரன், ஒயரைச் சுருட்டியபடி.

“மாத்திட்டா அவ எதுல கூப்பிடுவா?”

தெரு காலியானது. அழைப்புகளும் வற்றின. பத்தாம் நாள் ஒன்று வந்தது. எதிர்முனையில் பேச்சில்லை, மூச்சு மட்டும்.

“சாப்டியாடி?”

மூக்கை உறிஞ்சும் சத்தம். பிறகு வைத்துவிட்டார்கள். திருப்பி அடித்தாள், எடுக்கவில்லை. மறுபடி அடிக்க விரல் போனது, நிறுத்திக்கொண்டாள். விரட்டியது போதும், இனித் துரத்தவும் வேண்டாம். போனைக் கண்ணெதிரே வைத்துவிட்டு, அடுத்த சட்டையை விரித்தாள். முதுகுப்பக்கமும் சேர்த்துத் தேய்த்தாள்.

உங்கள் வீட்டில் கோபித்துக்கொண்டு போகிறவர்கள் தெருமுனையிலேயே திரும்பட்டும் கண்ணுகளா. அடுப்பு அணையாமல், ஆள் குறையாமல் நல்லா இருங்கள்.